ஒன்பது கிலோமீட்டர்

பாண்டியராஜனின் பெட்டி ஆட்டோ, கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குச் சுவரை ஒட்டி நின்றபடியே, என்ஜின் ஒரு முறைகூட உறுமாமல், நான்கரை வருடத்தில் பதினாலாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் ஓடியது. தினமும் காலை பதினொன்று இருபதுக்கு மீட்டரின் கடைசி எண் அசையும். பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு நின்றுவிடும். ஒன்பது கிலோமீட்டர், ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. மீட்டருக்குப் போகும் கேபிளை முதல் வருடமே எலி கடித்துத் துண்டாக்கிவிட்டது. அதற்காக மீட்டர் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஹர்த்தாலுக்கும் லீவு விடவில்லை. அந்த நேரத்தில் போய் மட்கார்டைத் தொட்டால் வெலிங்டன் தீவுச் சாலையின் சிமென்ட் தூசி விரலில் ஒட்டும். தேவராவில் மழை பெய்த நாளில், மட்டாஞ்சேரியில் வெயில் கொளுத்தினாலும், வண்டியின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். எதிர்வீட்டில் அப்பளம் போட்டு விற்கும் மூக்கம்மாள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "தேவராவுல தூறுது, அரை மணியில இங்க வந்துரும்" என்று முறங்களை உள்ளே எடுப்பாள். பெரும்பாலும் வந்தது. டிவியில் சொன்ன வானிலையை நம்பி அப்பளம் காயப்போட்டவர்கள்தான் நஷ்டப்பட்டார்கள்.

ஒன்பது கிலோமீட்டர் எந்த இடத்துக்கு என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து தோப்பும்படி, வெலிங்டன் தீவு, வெண்டுருத்திப் பாலம் தாண்டித் தேவராவில் இருக்கும் ஆஸ்பத்திரி வாசல்வரை அளந்தால் சரியாக அவ்வளவு வரும். வண்டி எதற்காகப் போகிறது என்பது மட்டும் ஒரே ஒருவனுக்குத் தெரியும். அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

பாண்டியராஜன் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். இவன் மட்டும் இங்கே அறை எடுத்துத் தங்கி, கிடங்குகளுக்கு இஞ்சியும் மிளகும் ஏற்றிக்கொண்டிருந்தான். வண்டியைப் பிள்ளைபோல வைத்திருப்பான். ராத்திரி பெட்ரோல் கசியக்கூடாது என்று, தினமும் வீடு வர இருபது கெஜம் இருக்கும்போதே சீட்டுக்கு அடியில் கைவிட்டு பெட்ரோல் டேப்பை மூடிவிடுவான். குழாயில் மிச்சம் இருக்கிற பெட்ரோலைக் குடித்துக்கொண்டே வண்டி சந்துக்குள் வந்து, சரியாகச் சுவரோரத்தில் தானாக அணைந்து நிற்கும். இந்த வித்தையை மற்ற டிரைவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டாவது ஊரடங்கு வந்த மே மாதத்தில் அந்தச் சந்தில் போலீஸ் பாஸ் ஒட்டிய வண்டி அது ஒன்றுதான். அத்தியாவசியப் பொருள் என்று இஞ்சியை அரசாங்கம் ஒப்புக்கொண்டிருந்தது.

நோன்பு முடிய நாலு நாள் இருந்தது. காலை பதினொன்று பத்துக்கு, சந்து முனையில் சாயாக்கடை வைத்திருந்த சலாவுதீன் ஓடி வந்தார். பாலக்காட்டுத் தமிழ் முஸ்லிம், ஐம்பது தாண்டியவர். "தம்பி, ஹாஜராவுக்கு மூச்சு கிட்டலே. ஆம்புலன்ஸுக்கு விளிச்சா ஒரு மணிக்கூர் ஆகும்னு சொல்றான். வண்டிய எடு" என்றார். அவர் மனைவி ஹாஜராவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்பது பாண்டியராஜனுக்குத் தெரியும். என்ன காய்ச்சல் என்பதும் தெரியும். அந்த வாரம் மட்டும் கிடங்கு ஆட்கள் மூன்று பேர் அதில் செத்துப்போயிருந்தார்கள். "வண்டி ஸ்டார்ட் ஆகலை பாய். காலையிலேருந்து இழுத்துப் பாக்கேன்" என்று அவன் வாயில் வந்துவிட்டது.

பொய் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சலாவுதீன் நம்பினார். நம்பியதால், "ஏறி உக்காரு, நான் தள்றேன்" என்றார். பாண்டியராஜன் ஏறி உட்கார்ந்தான். செகண்ட் கியர் போட்டான், கிளட்சைப் பிடித்தான், விட்டான். எல்லாம் முறைப்படி செய்தான். டேப்பை மட்டும் திறக்கவில்லை. முந்தின நாள் மாலை மூடியது அப்படியே மூடியிருந்தது. சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நான்கு தடவை, தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு வயிற்றோடு சலாவுதீன் அந்த வண்டியைத் தள்ளினார். சாயாக்கடை வாசல்படியில் ஹாஜரா இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்து, வண்டி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பாண்டியராஜனுக்கு அவர் தெரிந்தார். பதினொன்று இருபதுக்கு வண்டி சுவரோரம் வந்து நின்றது.

ஆம்புலன்ஸ் பன்னிரண்டரைக்கு வந்தது. வெண்டுருத்திப் பாலத்தில் ஹாஜராவின் உயிர் போனது. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு பாண்டியராஜன் கேள்விப்பட்டான். அன்று சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்து டேப்பைத் திறக்கக் கையை விட்டபோது அது திரும்பவில்லை. மறுநாள் பதினொன்று இருபதுக்கு மீட்டர் அசைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாண்டியராஜனால் தாங்க முடியாதது. சலாவுதீன் தப்பு தன்னுடையது என்று முடிவு செய்துகொண்டார். "நோன்பைக் குறை சொல்லலே தம்பி, என் உடம்பைத்தான் சொல்றேன். இன்னும் பத்தடி வேகமாத் தள்ளியிருந்தா எஞ்சின் பிடிச்சிருக்கும்" என்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்ததும் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, பாண்டியராஜனை வண்டியில் உட்காரவைத்து, இரண்டு தடவை தள்ளுவார். வண்டி ஓடினால் தன் தப்பும் கழியும், அவனுக்கும் பிழைப்பு திரும்பும் என்று அவருக்கு எண்ணம். பாண்டியராஜன் அந்த வருடங்களில் அதே கிடங்குகளில் மூட்டை தூக்கினான். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று எத்தனையோ சாக்கு சொல்லிப் பார்த்தான். "நீ சும்மா உக்காரு" என்பார். அந்த நேரத்தில் நான் டேப்பை மூடவில்லை, திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். நான்கரை வருடத்தில் ஒரு நாள்கூட அந்தக் கேஸில் அவன் ஜெயிக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று சாயாக்கடைக்குப் போனால், சலாவுதீன் கேட்காமலே கடுப்பமாக, டிகாஷன் தூக்கலாக, ஒரு சாயா ஆற்றி முன்னால் வைப்பார். குடித்துவிட்டுத் திரும்பி வருவான்.

இப்படியே போயிருக்கும். நான்கரை வருடம் ஆகப்போகிற நேரத்தில் சலாவுதீனுக்குக் குடல் இறங்கியது. இனி கனமான எதையும் தள்ளக்கூடாது, தள்ளினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு தள்ள வந்தார். அதே மாதம், வழியில் நிற்கும் பழைய வண்டிகளைத் திங்கட்கிழமை தூக்கிப் போய் நசுக்கிவிடுவோம் என்று கார்ப்பரேஷன் ஆட்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். "போகட்டும் பாய், விடுங்க" என்றான் பாண்டியராஜன். மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது. சலாவுதீன் விடவில்லை. "இது ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிறதைக் காணாம நசுக்க விட்டா, நான் எப்படி உறங்குவேன்?" என்று தோப்பும்படியிலிருந்து அந்தப்பன் மேஸ்திரியைச் சனிக்கிழமை காலையே கூட்டி வந்துவிட்டார்.

அந்தப்பன் என்ஜினைப் பிரித்தார். நான்கரை வருடம் நின்ற வண்டி என்று சொன்னதை அவர் நம்பவில்லை. சிலிண்டர் கண்ணாடியாக இருந்தது. ப்ளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தது. "இது தினமும் ஓடுற வண்டியாக்கும்" என்றார். "தினமும் ஓடுதுதான், தேவராவுக்கு" என்று மூக்கம்மாள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். அந்தப்பன் தலையாட்டிவிட்டு, திரும்பாத டேப்பைக் கழற்றி எறிந்து புதியது மாட்டினார். மாட்டிய கையோடு அது மூடிக்கொண்டது. இன்னொன்று மாட்டினார், அதுவும் மூடிக்கொண்டது. டேப்பே வேண்டாம் என்று நேராகக் குழாயைச் செருகினார். கண்ணுக்குத் தெரிகிற ட்யூபில் பெட்ரோல் பாதி தூரம் வந்து, கீழே இறங்க மனமில்லாமல் நின்றது. அந்தப்பன் முப்பது வருட அனுபவசாலி. பதற்றப்படாமல் மூன்றாவது டேப்பை மாட்டிவிட்டு, பழைய துணியில் கையைத் துடைத்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எந்த மேஸ்திரியும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"அன்னைக்கு ஸ்டார்ட் பண்ணும்போ டேப்பைத் துறந்தோ?"

நான்கரை வருடத்தில் யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. பாண்டியராஜனைப்போல ஒரு டிரைவரிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டிருந்தார்கள். திறந்தேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சீட்டில் உட்கார்ந்தபடியே கண்ணாடியைப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் சலாவுதீன், தகட்டில் இரண்டு கையையும் வைத்து, பெல்ட் சட்டைக்கு மேலே புடைத்துத் தெரிய, தள்ளுவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"இல்லை" என்றான்.

"மறந்துபோயோ? பரவாயில்லடோ, எனக்கே மறந்திருக்கு."

அந்தப்பன் காட்டிய அந்தச் சின்ன வழி திறந்துதான் இருந்தது. அதற்குள் நுழைந்து தப்பித்திருக்கலாம்.

"மறக்கலை மேஸ்திரி. வேணும்னுதான் திறக்கலை." பிறகு, வண்டியைவிட்டு இறங்கிப் பின்னால் வந்து, சலாவுதீனின் முகத்தைப் பார்க்காமல் அவர் செருப்பைப் பார்த்துச் சொன்னான். "பயந்துட்டேன் பாய். எனக்கு ஒட்டிக்கும்னு பயந்துட்டேன்."

மூக்கம்மாளின் கை அப்பளத்தின் மேலேயே நின்றது.

"நான் தள்ளும்போதா?" என்றார் சலாவுதீன்.

"ஆமா."

"நாலு தடவையும்?"

"நாலு தடவையும் மூடித்தான் இருந்துச்சு."

சலாவுதீன் தகட்டிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பார் என்று பாண்டியராஜன் காத்திருந்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் அவனைப் பார்க்கவில்லை. "அப்போ நான் நல்லாத்தான் தள்ளியிருக்கேன்" என்று கையிடம் சொன்னார். பிறகு பெட்டியின் பின் தகட்டைத் திறந்து, பெல்ட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

"எடு வண்டிய."

"எங்க பாய்?"

"அன்னைக்கு எங்க போகச் சொன்னேனோ, அங்க."

டேப் விரல் பட்டதும் திரும்பியது. முதல் இழுப்பிலேயே என்ஜின் பிடித்தது. மணி பதினொன்று இருபது. போகிற வழி முழுக்க மீட்டர் அசையவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் சலாவுதீன் இறங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "முப்பத்தோரு நிமிஷம்" என்றார். அதுதான் அவர் பாண்டியராஜனிடம் கடைசியாகப் பேசியது. திரும்பிப் பஸ்ஸில் போனார்.

மறுநாள் பதினொன்று பதினெட்டுக்கு வந்து மறுபடி பெட்டியில் ஏறிக்கொண்டார். பாண்டியராஜன் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே. திங்கட்கிழமை கார்ப்பரேஷன் ஆட்கள் வந்தபோது சுவரோரத்தில் வண்டி இல்லை, பட்டியலில் அதை அடித்துவிட்டுப் போனார்கள். மற்ற நேரத்தில் வண்டி ஓடாது. மூன்று தடவை இஞ்சி ஏற்றிப் பார்த்தான், இருமக்கூட இல்லை. மூட்டைகளைத் தலையில் சுமந்து இறக்கினான். காலையில் அந்த முப்பத்தோரு நிமிஷத்துக்கும் திரும்பி வருவதற்கும் மட்டும் ஓடும், அதுவும் போகும்போது பின்னால் சலாவுதீன் இருந்தால் மட்டும். சாயாக்கடையில் பாண்டியராஜனுக்கு இப்போதும் சாயா உண்டு. அதே கடுப்பம்தான். வைக்கும்போது மட்டும் சலாவுதீன் வேறு பக்கம் பார்ப்பார்.

சந்து இதற்கும் பழகிக்கொண்டது. தேவராவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள், போகிற வண்டிதானே என்று ஊறுகாய் பாட்டிலும் மாத்திரைச் சீட்டும் கொடுத்தனுப்பினார்கள்.

இப்படி ஒன்றரை மாதம் போனபின், ஒரு செவ்வாய்க்கிழமை வெண்டுருத்திப் பாலத்தின் நடுவில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். இளம் வயது, புதிதாக வந்தவர்போல. சுற்றி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"எடோ, லோடு வண்டியில ஆளைக் கேற்றக்கூடாதுன்னு அறியாதோ?"

"ஆஸ்பத்திரிக்கு சார்" என்றான் பாண்டியராஜன்.

"அது கண்டாலே தெரியுதே. அந்தச் சேச்சிக்குத் தீரெ வய்யல்லோ, மூச்சே கிட்டலையே. இப்படிப் பின்னால அடைச்சா வைக்கிறது? முன்னால இருத்து. கொஞ்சம் காற்று கிட்டட்டும்." அதோடு விசிலை ஊதி, எதிரே வந்த லாரியை நிறுத்தி, இவனுக்கு வழி விட்டார்.

பாண்டியராஜன் திரும்பிப் பார்த்தான். பெட்டியில் பெண் யாரும் இல்லை, சலாவுதீன் ஒருவர்தான் இருந்தார். போலீஸ்காரர் சொன்னதை அவர் மறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பாண்டியராஜன் டிரைவர் சீட்டின் வலது ஓரத்துக்கு ஒதுங்கி, இடது பக்கம் ஒருவருக்கு இடம் விட்டு, பாதித் தொடை வெளியே தொங்க உட்கார்ந்து ஓட்டுகிறான். இடது பக்கக் காற்றுத் தடுப்புத் துணியைச் சுருட்டிக் கட்டிவிட்டான். பாலம் வந்தால், காற்று நன்றாக வரட்டும் என்று, கொஞ்சம் வேகத்தைக் கூட்டுவான்.