தொப்பியை எடுத்த படம்

குதிகால் இரண்டும் எரிந்தன. புனிதா எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிப் பார்த்தாள். பயனில்லை. கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டை நின்றே முடிக்கிற கால்கள்தான் அவை. ஆனால் அங்கே மணி அடித்தால் உட்காரலாம். இங்கே விடிந்ததிலிருந்து வீட்டு கேட்டைப் பிடித்தபடி நிற்கிறாள்.

"தெரியாத மூஞ்சி எது வந்தாலும் உள்ள விடாத. என்னைக் கூப்புடு," என்று மாமா இராமலிங்கம் சொல்லியிருந்தார். அம்மாவின் தம்பி. கட்சியின் கிளைத் தலைவர். துக்க வீட்டுக்கும் கட்சிச் சின்னம் போட்ட சட்டையில்தான் வந்திருந்தார். தேர்தல் நெருங்குகிறது, மற்ற சட்டையெல்லாம் காயவில்லை என்றார்.

உள்ளே ஹாலில் அப்பா தம்புசாமி பெட்டியில் கிடந்தார். நேற்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையைக் கீழே வைக்காமலே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் மேல் ஏறி, கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலையிலேயே ஆயுளைக் கழித்த உடம்பு அது. பெட்டிக்குள் அடங்கவில்லை. தோள் இரண்டும் பலகையை முட்டிக்கொண்டிருந்தன.

தெருக்கோடியில் ஒரு வெள்ளை வேன் நின்றது. உள்ளே இரண்டு மலாய் ஆட்கள். காலையிலிருந்து நிற்கிறார்கள். ஒருவன் போனைப் பார்ப்பதும், தலை தூக்கி இந்த வீட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். அவன் பார்க்கும்போதெல்லாம் புனிதா கேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது.

ஐந்து வருடத்துக்கு முன் பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் மலாக்கா போயின. இவர்கள் குடும்பம், அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த ஹம்சாவின் குடும்பம். கடலுக்குள் தூண் நட்டுக் கட்டிய பள்ளிவாசலைப் பார்க்கப் போனபோது, வாசலில் இருந்தவர் வேற்று மத ஆட்களுக்கு நீள அங்கி கொடுத்தார். அப்பா அதை மாட்டிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு நின்றார். ஹம்சா தன் தலையிலிருந்த கறுப்பு சொங்கோக் தொப்பியைக் கழற்றி அப்பாவின் மொட்டை மண்டையில் கவிழ்த்தார். "ஹாஜி தம்பு! நில்லு, அசையாத!" என்று புனிதாவின் போனை வாங்கி அவரே படம் எடுத்தார். அம்மா சிரித்துச் சிரித்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் படத்தை எல்லாரும் மறந்துபோனார்கள். போன் மறக்கவில்லை. போன வாரம் டீ நேரத்தில், ஐந்து வருட நினைவு என்று அதுவாகவே எடுத்து நீட்டியது. புனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. கூட வேலை பார்க்கிறவர்களும் பார்க்கட்டும் என்று மலாயில் 'எங்க வீட்டு ஹாஜி' என்று எழுதி இணையத்தில் போட்டாள். யாரோ முகம் தெரியாத ஒருவர் கீழே கேட்டார்: 'அல்ஹம்துலில்லாஹ். எப்போது மதம் மாறினார்?'

'இப்பதான்,' என்று எழுதினாள். பக்கத்தில் சிரிக்கிற முகம் மூன்று. அதற்குள் மணி அடித்தது, உள்ளே போய்விட்டாள்.

பிலிம் காலத்துப் படம் என்றால் அலமாரியில் ஆல்பத்துக்குள் கிடக்கும். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடலாம். இதை எங்கே போய்க் கிழிப்பது? இன்று விடிவதற்கு முன்பே மாமா அந்தப் படத்தைத் தன் போனில் காட்டினார்.

"நீயே எழுதியிருக்க பாரு. இப்பதான் மாறுனாருன்னு. பெத்த மவ எழுதுனது."

"தமாசுக்கு எழுதுனது மாமா. நேத்தே அழிச்சிட்டேன்."

"நீ அழிச்சிட்ட. எவன் எவன் போன்ல எடுத்து வச்சிருக்கானோ? நாளைக்கு எவனாவது ஒருத்தன் மத இலாகாவுல போய் இவரு முஸ்லிம்னு எழுதிக் குடுத்தான்னா, ஒரு ஆர்டர் வரும். அப்புறம் பாடி நம்ம கையில இருக்காது. கோர்ட்டுக்கு நடக்கணும். எரிக்கவும் முடியாது, பொதைக்கவும் முடியாது. நான் பாத்துருக்கேன்மா."

அண்ணன் விமலன் லோரி ஓட்டுகிறவன். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு சுவரில் சாய்ந்திருந்தான். "மாமா, சும்மா பயமுறுத்தாதீங்க லா. யாரு வரப்போறா?"

"வந்தாங்கன்னா நான் விட்டுருவேனா? பேப்பர்காரனுங்க நம்பர் எல்லாம் என்கிட்ட இருக்கு. ஆளுங்களைக் கொண்டாந்து ரோட்டுல உக்கார வச்சிருவேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் பயம் மட்டும் இல்லை. விமலனும் அதைக் கவனித்தான்.

"அப்பா செத்துருக்காரு மாமா. கூட்டம் நடத்தல."

"அதுக்குத்தான் சொல்றேன். மூணு மணி வரைக்கும் வச்சிருக்க வேணாம். பன்னெண்டுக்கே எடுத்துருவோம். மயானத்துல நான் பேசிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஹம்சாகிட்ட நேரம் மாத்துனதைச் சொல்லாதீங்க. அவன் நல்லவனாவே இருக்கட்டும். படத்துல இருக்கிற தொப்பி அவனுது. இங்க வந்து பெட்டி பக்கத்துல நின்னான்னா, எவனாவது அதையும் படம் புடிப்பான்," என்றார்.

விமலன் முகம் கழுவப் போனான், புனிதா கேட்டுக்குப் போனாள். அதுவே சம்மதமாகிவிட்டது.

பிரேம் போட ஒரு படம் வேண்டியிருந்தது. புனிதா போனில் தேடித் தேடிப் பார்த்தாள். கேமரன் மலை, பினாங்கு, பத்துமலை என்று போன இடத்திலெல்லாம் ஆயிரக்கணக்கில் படங்கள். அப்பா எதிலும் முழுசாக இல்லை. ஒன்றில் பையைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் பாதி உடம்பு. இன்னொன்றில் பேரப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு காது. முகம் நேராக, தெளிவாக, சிரிப்போடு இருந்தது அந்த ஒன்றில்தான்.

"தலையை மட்டும் வெட்டச் சொல்றேன்," என்று விமலன் அதை வாங்கிக்கொண்டு கிள்ளான் லிட்டில் இந்தியாவிலிருக்கும் கடைக்குப் போனான். கடைக்காரர் தொப்பியை எடுத்துவிட்டு, அங்கே கறுகறுவென்று முடி வைத்திருந்தார். அங்கிக்கு மேல் சட்டைக் காலர் வந்திருந்தது. நெற்றியில் மூன்று பட்டை விபூதி.

பிரேமைத் தலைமாட்டில் வைத்தபோது அம்மா இராஜம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு இது?"

"அப்பாதான்மா."

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் இருக்கிற முகத்தைப் பார்த்தாள். "ஹம்சா அண்ணே வந்தாச்சா?" என்று கேட்டாள்.

காலையிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒப்பாரி வைக்கிற பெண்கள் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அம்மாவின் குரல் மட்டும் வந்தது. ஹம்சா அண்ணே வந்தாச்சா. அண்ணனுக்குச் சொல்லியாச்சா.

பதினொரு மணிவாக்கில் புனிதாவின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'பாக் ஹம்சா' என்று, மலாய் மரியாதைச் சொல்லோடு, பெயர் விழுந்தது. நேற்று ராத்திரி அவருக்குச் சாவு சொன்னவளும் அவள்தான். மூணு மணிக்கு எடுப்போம் அங்கிள் என்று சொல்லியிருந்தாள். போன் கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. தெருக்கோடியில் வேன் கதவு திறந்தது. ஒருவன் இறங்கி, பந்தலைப் பார்த்தபடி சிகரெட் பற்றவைத்தான்.

புனிதா போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அது துடித்து ஓய்ந்தது.

உள்ளேயிருந்து அம்மா, "யாரு போன்ல? அண்ணனா?"

"இல்லம்மா. அங்கிளுக்கு நான் அடிச்சேன். எடுக்கல."

சடங்கு செய்ய வந்த பண்டாரத்தை அவசரப்படுத்தினார்கள். தேவாரத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னதும் அவருக்குக் கோபம். "என்னங்க, ரயிலுக்கா போறீங்க?" என்று முணுமுணுத்தபடி அரிசித் தட்டை நீட்டினார். ஆளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி. அம்மா கடைசியாக வந்தாள். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நின்றாள்.

"அண்ணே வரட்டும். அது வராம மூட வேணாம்."

"அக்கா, நேரம் ஆச்சுக்கா," என்றார் இராமலிங்கம்.

"மூணு மணின்னுதானே சொன்னீங்க?"

"நல்ல நேரம் பாத்து மாத்திருக்கு. போடுக்கா."

அம்மா புனிதாவைப் பார்த்தாள். புனிதா தரையைப் பார்த்தாள். அரிசி விழுந்தது. மூடியை வைத்து ஆணி திருகுகிற சத்தம் கேட்டதும் பெண்கள் பெருங்குரலில் வெடித்தார்கள்.

தூக்குகிற நேரம் வந்தது. புனிதாவுக்கு மலாக்கா ஞாபகம் வந்தது. பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு ஆற்றோரம் உட்கார்ந்து செண்டோல் குடித்தபோது, அப்பா தன் வலது தோளில் காய்த்துப்போயிருந்த மேட்டை ஹம்சாவுக்குக் காட்டினார். ஹம்சா தன் இடது தோளில் இருந்ததைக் காட்டினார். ஒரே கம்பியின் இரண்டு முனை. ஒருத்தன் விட்டால் இன்னொருத்தன் கால் போயிருக்கும். இருவரும் ஒருநாளும் விட்டதில்லை.

"நீ முன்ன போனா ஒரு பக்கம் நான் தூக்குவேன்," என்றார் ஹம்சா.

"நான் கனம்டா. இடுப்பு போயிரும் உனக்கு."

"கனம்னு சொல்லி எப்பவாச்சும் கீழ போட்டிருக்கேனா?"

இப்போது முன் பக்கத்தில் ஒரு மூலை காலியாக இருந்தது. இராமலிங்கம் போய்த் தோள் கொடுத்தார். கட்சிக்காரன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். மாமா பாரத்தோடு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி ஒரு கணம் நின்றார். பிறகுதான் நடந்தார். பெட்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது. "மாமா, தூக்குங்க, தூக்குங்க!" என்று பின்னாலிருந்து விமலன் கத்தினான். அப்பா உள்ளே சறுக்கி முன்பலகையில் மோதிய சத்தம் புனிதாவுக்குக் கேட்டது.

சவ வண்டி புறப்பட்டது. அது வெள்ளை வேனைத் தாண்டும்வரை புனிதா கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் அசையவில்லை. உள்ளே இருந்த இருவரும் தலை குனிந்துகொண்டார்கள். வண்டி திரும்பிப் பெரிய சாலைக்குள் மறைந்தது.

ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பந்தல்காரர்கள் நாற்காலியை அடுக்கி, ரோட்டுப் பக்கத்துக் கம்பியை அவிழ்த்ததும் வெள்ளை வேன் மெதுவாக உள்ளே வந்தது. புனிதா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். வேன் இந்த வீட்டைக் கடந்து, நான்கு வீடு தள்ளி சீனர் வீட்டு வாசலில் நின்றது. பின்கதவைத் திறந்து சுவரில் மாட்டுகிற ஏர்கோன் பெட்டி ஒன்றை இறக்கினார்கள். சிகரெட் பிடித்தவன் நடந்து வந்து நெஞ்சில் கை வைத்தான்.

"தக்சியா, காக்," என்று, அக்கா என அழைத்துத் துக்கம் சொன்னான். பந்தல் போட்டிருந்ததால் உள்ளே வர முடியவில்லை, ஹாரன் அடிக்க மனம் வரவில்லை, அதுதான் காத்திருந்தோம் என்று மலாயில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

புனிதா அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயைத் திறந்து வீட்டைக் கழுவத் தொடங்கினாள். பெட்டி இருந்த இடத்தில் அரிசி ஒட்டிக்கிடந்தது. துடைப்பத்தால் தள்ளத் தள்ள வாசல் வரை வந்து, சிமென்ட் விரிசலில் தங்கியது.

மூணு மணிக்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வெயிலில் ஓட்டி வந்திருந்தார் ஹம்சா. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த சொங்கோக்கை எடுத்துத் தலையில் வைத்துச் சரிசெய்தார். இடது தோளில் ஒரு துண்டு. துறைமுகத்தில் கம்பி தூக்குமுன் போடுவார்களே, அப்படி நாலாக மடித்த துண்டு.

பந்தல் இல்லாத வாசலையும் ஈரத் தரையையும் பார்த்தார்.

"மூணு மணின்னு சொன்னியேமா."

"முன்னாடியே எடுத்துட்டோம் அங்கிள்."

"ஏன்?"

புனிதா குழாயை மூடினாள். அம்மா வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலையில போன் அடிச்சேன்," என்றார் ஹம்சா, அம்மாவைப் பார்த்து. "புனிதா எடுக்கல. சரி, புள்ள அழுதுட்டு இருக்கும், தொந்தரவு வேணாம்னு விட்டுட்டேன்."

அம்மா மகள் பக்கம் திரும்பவே இல்லை.

ஹம்சா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். காலி ஹாலில் விளக்குக்குப் பின்னால் பிரேம் இருந்தது. அதன் முன்னால் நின்றார். முதலில் ஏதோ சிரிப்பு வருவதுபோல உதடு அசைந்தது.

"இது நான் புடிச்ச படம். மலாக்கால." குனிந்து கிட்டே பார்த்து, "இவனுக்கு எப்ப முடி மொளைச்சுது?"

பிறகு அவர் கை தானாக உயர்ந்து தன் தலையிலிருந்த தொப்பியைத் தொட்டது. அங்கேயே நின்றது. படத்தைப் பார்த்தார், புனிதாவைப் பார்த்தார். தொப்பியை மெல்லக் கழற்றி, மடித்து, பழையபடி சட்டைப் பைக்குள் வைத்தார்.

"உக்காருங்கண்ணே," என்றாள் அம்மா.

அவர் உட்காரவில்லை. பெட்டி இருந்த இடம், ஈரத்தில் இன்னும் காயாத அந்த நீள இடம், அதன் ஓரமாக நின்றார். தோளில் துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. தம்புசாமியைத் தூக்க ஹம்சாவுக்கு ஒரு பக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வீடு அதைக் கொடுக்கவில்லை.