வாய் மட்டும் பாக்கி

1

ஒளிப்பானேன், இந்தக் கதை வேலைவெட்டி இல்லாமல் வேடிக்கை பார்த்ததில் பிறந்தது. என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, மூடிக் கிடக்கும் ஒரு அச்சகத்தின் பின்சுவர். அதில் இரண்டு பேர் ஸ்ப்ரே டப்பாவால் பெரிய முகம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார்கள். கீழே மடக்கு நாற்காலியில் ஒரு அம்மா. வரையப்படுவது அவருடைய செத்துப்போன மகன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “நகரம் தன் காயங்களுக்கு வண்ணம் பூசி…” [சகிக்கவில்லை. அடித்தாயிற்று.]

பிறகு: “அந்தத் தாயின் கண்களில்…” [கண்ணை எங்கே பார்த்தேன்? ஜன்னலிலிருந்து முதுகுதான் தெரிந்தது. அதனால்தான் கீழே இறங்கிப் போனேன்.]

2

மகனும் இவர்களோடு சுவர் சுவராக வரைந்தவன். ரயில் பாலத்தில் தொங்கிக்கொண்டு வரைந்தபோது கை நழுவி விழுந்தான்.

பெயிண்ட் நெடிக்காகவும் போலீஸுக்காகவும் இவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் வரைவார்கள். போட்டோ எடுத்தாலும் அப்படியேதான். அவனுக்கு இது முற்றிப்போய், வீட்டிலேயே கேமராவைக் கண்டால் வாயைப் பொத்திக்கொள்வானாம். வளர்ந்த பிறகு அவன் வாய் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. [அடையாள அட்டை? நானும் கேட்டேன். அதில் அவன் மீசை முளைக்காத பள்ளிக்கூடப் பிள்ளை.]

முதலில் முகமூடியோடுதான் வரைந்திருக்கிறார்கள். அம்மா ஒப்பவில்லை.

“திருடன் மாதிரி இருக்கான். என் பிள்ளை முகத்தைப் போடுங்க.”

“நீங்கள் அவன் வாயைப் பார்த்ததில்லையா?” என்று இருவரில் உயரமானவனைக் கேட்டேன்.

“கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கோம் சார். பார்த்தோம். ஆனா பார்த்து வச்சுக்கலை.”

3

இருவரில் இன்னொருத்தி, ஏணி மேல் நின்ற பெண், கேட்டுக் கேட்டுப் போட்டாள்.

“உதடு தடிமனா, மெலிசாம்மா?”

“கீழ் உதடு கொஞ்சம் தடிமன். அவங்க அப்பா மாதிரி.”

போட்டாள்.

“ஐயோ, இது அவங்க அப்பாவேதான்.”

ஸ்ப்ரே பெயிண்டை அழிக்க முடியாது. தோல் நிறத்தை மேலே அடித்து மூடி, காயவிட்டு, மறுபடி போட வேண்டும். மூடினார்கள். போட்டார்கள்.

“சிரிச்சா ஒரு ஓரம் கோணும்.”

“எந்தப் பக்கம்மா?”

அம்மா தன் வாயைக் கோணிக் காட்டினார். அவன் பக்கத்துக்கு வலதா, பார்க்கிறவருக்கு வலதா என்று அவருக்கே குழம்பிவிட்டது. மறுபடி மூடினார்கள். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தடித்துப் போயிற்று.

“போதும்மா, நிறுத்து,” என்றார் அம்மா. “நீங்க போடப் போட எனக்கு இருந்தது போயிட்டே இருக்கு. காலையிலகூட இருந்துச்சு. இப்போ கண்ணை மூடினா இந்தச் சுவத்துல இருக்கிற வாய்ங்கதான் வருது.”

உயரமானவன் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

4

இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. முதல் பிரதியில் அம்மாவின் புடவை பச்சை. துக்கத்துக்குப் பொருந்துமே என்று சாம்பலாக்கினேன். இப்போது அவர் என்ன கட்டியிருந்தார் என்று சத்தியமாகத் தெரியவில்லை. மேலே உள்ள பேச்சில்கூட எது அவர் சொன்னது, எது நான் சரிசெய்தது என்று பிரிக்க முடியவில்லை. எழுதுவதே வெறுத்துப் போகிறது.

5

முடிவு: மறுபடி முகமூடியையே போட்டுவிடுகிறார்கள். [ஏணிக்காரி கேட்டுப் பார்த்தாள். அம்மா மறுத்துவிட்டார்.]

வேறு முடிவு: எவனோ ஒருவனின் செல்போனில் அவன் சிரிக்கிற வீடியோ அகப்படுகிறது. [எழுதினேன், அழுதேன், கிழித்துப் போட்டேன். அப்படி எதுவும் அகப்படவில்லை.]

நடந்தது இதுதான். அம்மா எழுந்து நாற்காலியை மடக்கினார்.

“உன் இஷ்டத்துக்கு ஒரு வாய் போட்டுடும்மா. இனிமே அதுதான் அவன் வாய்னு நினைச்சுக்கிறேன்.”

ஏணிக்காரி அழுதுகொண்டே டப்பாவைக் குலுக்கினாள். அவள் போட்ட வாய்

[இதற்கு மேல் எழுதமாட்டேன். எழுதினால் உங்களுக்கும் அதுதான் அவன் வாயாகிவிடும். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், நீங்களாகவும் ஒன்றைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள்.]