ராமுத்தாய் ஒட்டிய சிவப்பு அம்பு

ராமுத்தாய் கண்ணுக்குத் தப்பிய பனியன் திருப்பூரில் கிடையாது என்பார்கள். இருபது வருடமாகச் செக்கிங் வேலை. துணியை மேஜையில் விரித்து ஒரு தடவு தடவினால் போதும், விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை எல்லாம் தானாக வந்து அகப்பட்டுக்கொள்ளும். குறை இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவைப்பாள். தெரிந்தவர் தைத்தது, வேண்டியவர் தைத்தது என்ற பேச்சே இல்லை. டெய்லர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. முதலாளி திருமூர்த்திக்கோ அவள் சொன்னதுதான் சட்டம்.

அவள் வேலை பார்த்தது ஆறு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். அந்தக் கட்டடத்துக்கு ஒரு முறையான பெயரும் இருந்தது, வாசல் கல்லில் வெட்டியும் வைத்திருந்தார்கள். ஊருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை, 'ஆறு மாடி' என்றால் பஸ் கண்டக்டர் விசில் கொடுப்பார். 1957-இல் திருமூர்த்தியின் அப்பா அப்புசாமி கட்டியது. நெசவுக் குடும்பத்துக்காரர், ஏதோ ஜோலியாக மெட்ராஸ் போன இடத்தில் உயரமான ஆபீஸ் கட்டடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆடிக்காற்றில் விழுந்துவிடும் என்றது ஊர். விழவில்லை. பம்பாயிலிருந்து ரயிலில் லிஃப்ட் வந்து இறங்கியதும் அதே ஊர் அதில் ஏற வரிசையில் நின்றது. அப்புசாமி உள்ளே ஒரு முருகன் படத்தை மாட்டிவிட்டார். போதாதா? ஏறுகிறவர்கள் எல்லாரும் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறினார்கள், ஆறாம் மாடியில் இறங்கி வெறுங்காலோடு முழித்தார்கள். பருத்தித் தரகர்கள் போய், பனியன் கம்பெனிக்காரர்கள் வந்து, பிறகு எக்ஸ்போர்ட் ஆபீஸ்களும் வந்துவிட்டன. அந்தப் பழக்கம் மட்டும் போகவே இல்லை.

அந்த லிஃப்டை ஓட்டியவன் ராமுத்தாயின் புருஷன் சுடலை. உட்கார ஒரு முக்காலி, பிடித்து ஓட்ட ஒரு பித்தளைக் கைப்பிடி, ஆணியில் ஒரு காக்கிச் சட்டை, அவ்வளவுதான் அவன் ஆபீஸ். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த இருவருக்கும் இந்தக் கட்டடம்தான் சோறு போட்டது.

2007-இல் கட்டடத்துக்கு ஐம்பது வயதானது. திருமூர்த்தி அதைப் புதுப்பிக்கக் கிளம்பினார். முகப்புக்குக் கண்ணாடி வருகிறது, லிஃப்டுக்குப் பட்டன் வருகிறது என்று பேச்சு. பட்டனை அமுக்க ஆள் எதற்கு? ஐம்பத்திரண்டு வயதுச் சுடலைக்கு இனி எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்?

சனிக்கிழமை மத்தியானம் முதலாளி ராமுத்தாயைக் கூப்பிட்டனுப்பினார்.

"பழசு எல்லாத்தையும் எடுத்தெறிய எனக்கும் மனசு வருலீங்க. நீங்களே ஒரு சுத்துப் பாத்து, இருக்கோணும்ங்கறதுக்கெல்லாம் ஒரு குறி வெச்சுருங்க. லிஃப்ட்டானாலுஞ் சரி. மத்தத நாளைக்கு மயில்சாமி ஆளுக எடுத்துப் போட்டுருவாங்க."

மயில்சாமி என்பவர் வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர். அவருக்குப் போன் போட்டு, ராமுத்தாய் குறி வைத்திருப்பாள், பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு முதலாளி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார்.

ராமுத்தாய் மாடி மாடியாக இறங்கினாள். குறி வைக்க அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். படிக்கட்டின் தேக்குக் கைப்பிடிக்கு ஒரு அம்பு, பெண்டுலக் கடிகாரத்துக்கு ஒன்று, வாசல் கல்லுக்கு ஒன்று. லிஃப்டின் முன்னால் வந்ததும் கை தயங்கியது. மூன்றாம் மாடியில் அது ஒரு குலுக்கு குலுக்கும். ஊருக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாதா? பனியனாக இருந்தால் அந்த நிமிஷமே தள்ளிவைத்திருப்பாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே ஒரு குறையை விட்டாள். இரும்புக் கதவு, கைப்பிடி, முருகன் படம், முக்காலி என்று ஒன்று விடாமல் ஒட்டினாள். கடைசியில் ஒரு அம்பு மிஞ்சியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதையும் ஓரிடத்தில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் வந்து பார்த்தால், துருப்பிடித்த குழாய்கள் இருக்கின்றன. வெற்றிலை எச்சில் படிந்த சுவர்கள் இருக்கின்றன. ஒழுகும் தண்ணீர்த் தொட்டியும் அப்படியே இருக்கிறது. கடிகாரத்தைக் காணோம், தேக்கைக் காணோம், வாசல் கல்லையும் காணோம். லிஃப்ட் மொட்டைப் பெட்டியாக நின்றது, குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது.

மயில்சாமி பெருமையோடு வந்தார்.

"செவப்பு அம்பு ஒட்டுனா அது ரிஜெக்ட்டுன்னு இந்த ஊர்ல பச்சக் கொழந்தைக்குந் தெரியுமுங்க. ஒன்னு விடாம எடுத்து பூண்டி ரோட்டு இரும்புக்கடைக்கு ஏத்திட்டமுங்க."

ராமுத்தாய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவரைக் குறை சொல்ல வழியே இல்லை. அந்த ஊருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. புருஷனின் வேலையைத் தன் கையாலேயே ஒட்டி அனுப்பிவிட்டோமே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில் முதலாளி வந்தார். காரிலிருந்து இறங்கி, செருப்பை வழக்கம்போல வாசலில் விட்டுவிட்டு நேரே லிஃப்டுக்கு நடந்தார். கயிற்றுக்கு முன்னால் வெறுங்காலோடு நின்று பெட்டியைப் பார்த்தார், குனிந்து தன் காலைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டுமுடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மினி லாரியை எடுக்கச் சொல்லி, இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

இரும்புக்கடையில் எதுவும் உடைபடவில்லை. குவியலின் உச்சியில் முருகன் படம் கிடந்ததால், கடைக்காரர் கட்டரைத் தொட மனமில்லாமல் ஊதுவத்தி கொளுத்திவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

சாமான்களை ஏற்றும்போது முதலாளி மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, அந்த மூணாம் மாடிக் குலுக்கல் உங்க கண்ணுல படலீங்களா?"

"பட்டுச்சு முதலாளி. தெரிஞ்சேதான் விட்டேன். இவுக வேல போயிருமேன்னு."

"நானே இன்னிக்குச் செருப்பக் கழட்டிப் போட்டுட்டுத்தான் வந்தனுங்க. லிஃப்ட்டு இருக்கட்டும், சுடலையும் இருக்கட்டும். குலுக்கலுக்கு மெக்கானிக்க வரச் சொல்றேன்" என்றார்.

குவியலின் அடியிலிருந்து சுடலை தன் காக்கிச் சட்டையை உருவினான். அதன் பையில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"ஏட்டி, இதுவும் ரிஜெக்ட்டா?"

ராமுத்தாய் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இருக்கணும்கிறதுக்குத்தான் குறி வைக்கச் சொன்னாக" என்றாள்.

சுடலை அம்பைப் பிய்க்காமலே சட்டையை மாட்டிக்கொண்டான். அந்த வாரம் முழுக்க, பையில் ரிஜெக்ட் ஸ்டிக்கர் இருக்கிறதே என்று லிஃப்டில் சொன்னவர்களுக்கெல்லாம் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"இது எம் பொண்டாட்டி பாஸ் பண்ணது."