சுக்கான் எழும்பும் இடம்

விரிகுடாவின் நடுவில், எந்த நங்கூரக் கயிறும் தரை தொடாத ஆழத்தில், படகுத் தச்சரின் மனைவி படுத்திருக்கிறார். அவருக்கு மேலாகக் கடக்கும்போது ரெட்டைப் படகுகளின் சுக்கான் தானாக எழும்பும். கடந்ததும் தானாக இறங்கிவிடும். முதல் வாரம் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வாரம் அங்கே பிளாஸ்கைத் திறந்து டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தச்சருக்குப் பட்டப்பெயர் கோந்து. கையில் பிசின் காய்ந்த நாளே கிடையாது. அவரிடம் கை குலுக்கினால் நம் கையைத் திருப்பி வாங்கப் பாடுபட வேண்டும். இரண்டு ஒல்லி உடல்களைச் சேர்த்துப் பாய் ஏற்றினால் ரெட்டைப் படகு. அதற்கு அவர் பூட்டும் சுக்கான் முழங்கால் மாதிரி மடங்கும். ஒரு சின்ன மர ஆணிதான் அதை நீருக்குள் நிமிர்த்தி வைத்திருக்கும். மணல்திட்டில் இடித்தால் ஆணி ஒடியும், சுக்கான் பின்னால் தூக்கிக்கொள்ளும், படகு பிழைக்கும்.

ஐஸ் கம்பெனிக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார். "கோந்து, உன் சுக்கான் தும்மினாலே மடங்குதேப்பா!" என்று அவர் துறையில் சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். கோந்துவுக்குச் சுருக்கென்றது. "ஒடியறதுதாங்க அதோட வேலை. அது ஒடிஞ்சாத்தான் நாம முழுசா வீடு வருவோம்," என்றார் மனைவி. புதுப் படகு எதுவானாலும் முதலில் ஓட்டிப் பார்ப்பது அவர்தான். கோந்து உம் கொட்டினார். கொட்டிவிட்டு, அடுத்த படகில் ஆணி போகவேண்டிய துளையில் இரும்பு போல்ட்டை முடுக்கினார். வீட்டில் மூச்சு விடவில்லை. மறுநாள் நல்ல காற்று; மனைவி அந்தப் படகை எடுத்துக்கொண்டு போனார். திட்டில் இடித்த சுக்கான் அசையவில்லை. படகுதான் குப்புறக் கவிழ்ந்தது. படகு கரைக்கு வந்தது. அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை, நடு விரிகுடாவில் சுக்கான்கள் எழும்பத் தொடங்கும்வரை.

கோந்து போல்ட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மர ஆணியோடு அங்கே போனார். சுக்கான் எழும்பவில்லை. ஆணியை ஈர்க்குச்சி கனத்துக்கு இழைத்தார். எழும்பவில்லை. ஆணியே வேண்டாமென்று தையல் நூலால் கட்டிக்கொண்டு போனார். அடித்து வைத்த மாதிரி நின்றது. திருட்டு வலை போடுகிற மீசைக்காரனுக்குக்கூட எழும்பியது, இவருக்கு மட்டும் இல்லை. "கோவமா இருக்காங்க, வேறென்ன?" என்றது பாதித் துறை. "துளை இன்னும் போல்ட்டை மறக்கல," என்றது மீதி. ஐஸ் கம்பெனிக்காரர் மட்டும் தன் படகில் அங்கே போய்த் திரும்பும்போதெல்லாம், போகிறபோக்கில் பட்டறையில் தலை நீட்டி, "வீட்டம்மா நல்லா இருக்காங்கப்பா," என்று சேதி சொல்வார். கோந்து தலையாட்டிவிட்டு இழைப்புளியை இன்னும் அழுத்தித் தேய்ப்பார். இருவருக்கும் தலை நரைத்தது இப்படித்தான்.

ஒருநாள் கோந்து தன் படகை இறக்கவில்லை. ஐஸ் கம்பெனிக்காரரிடம் போய், "உங்க படகுல பின்னாடி ஓரமா உக்காந்துக்கட்டுமா?" என்றார்.

"இதையெல்லாமா கேப்பே?" என்று அவர் நகர்ந்து இடம் விட்டார்.

நடுவை நெருங்கியதும் கோந்து குனிந்து, சுக்கான் பலகையின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். பலகை எழும்பியது. கையும் கூடவே எழும்பியது. ஐஸ் கம்பெனிக்காரர், பாயில் ஏதோ கோளாறு மாதிரி, அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பலகை மெல்ல இறங்கியது.

"இன்னொரு தடவை போவமா?"

"வேணாங்க. சும்மா சும்மா எழுப்பக் கூடாது."

இப்போதெல்லாம் காற்று நன்றாக இருந்தால் யார் படகிலாவது ஏறிக்கொள்கிறார். திரும்பியதும், வீட்டம்மா எப்படி என்று துறையில் கேட்பார்கள். "இருக்கா," என்பார். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. பாய் சுருட்டும் வேலை கிடக்கிறது.