அப்பளத்துக்கு ஒரு ஹாரன்

அன்றும் மதியம் தெரு முனையில் திரும்பும்போது சித்ராதேவி ஒரு ஹாரன் அடித்தாள். அது அப்பளத்துக்கான ஹாரன். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் கணவன் அருள்செல்வன் வந்து கேட்டைத் திறந்துவிட்டு அடுப்படிக்கு ஓடுவான். அவள் காரை நிறுத்திக் கைகழுவி உட்காரும்போது அப்பளம் தட்டில் விழுந்து இன்னும் சடசடத்துக்கொண்டிருக்கும். ஆறின அப்பளம் வெறும் காகிதம் என்பது அவன் கொள்கை.

அவனுடைய பனியன் யூனிட் மூடிய பிறகு சமையல் அவன் கைக்கு வந்தது. அவள் வீரபாண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். "மாப்பிள்ளை இப்ப அடுப்படி மேனேஜருங்க" என்று அவிநாசியிலிருந்து வரும் அவள் அண்ணன் ரத்தினசாமி கிண்டல் செய்வார். "சம்பளந்தான் வர்றதில்லீங்க மச்சான், சாப்பாடு ஃப்ரீ" என்பான் அருள்செல்வன்.

அன்று அவள் போனைத் தோளில் இடுக்கி, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையரோடு பேசிக்கொண்டே சாப்பிட்டாள். "அந்தப் பையருக்கும் நாலு பருக்கை அனுப்பி வை அம்மிணி, அப்பவாச்சும் உன்னைச் சாப்பிட விடுவான்" என்றான் அருள்செல்வன். அவள் கிளம்பியபோது மோர் டம்ளரோடு கார் ஜன்னல்வரை வந்தான்.

"சாயங்காலம் வந்து குடிக்கறனுங்க" என்றாள்.

சாயங்காலம் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். மாரடைப்பு. இரவு தாண்டவில்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அவர்கள் வீடு புது லேஅவுட்டில் இருந்தது. நடக்கிற தூரத்தில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது. காலையில் பேக்கரி வாசலில் காரை நிறுத்தி பன்னும் டீயும். மதியம் ஏதாவது ஓட்டலில் பார்சல் வாங்கி, கம்பெனிக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் காருக்குள்ளேயே சாப்பாடு. இரவு மெயின் ரோட்டில் இரண்டு தோசை. டேஷ்போர்டு முழுக்க ஊறுகாய்ப் பாக்கெட். கார் பழுதாகி நின்றால் அவள் பட்டினிதான்.

ரத்தினசாமிக்குப் பொறுக்கவில்லை. "அடுப்பே பத்தவெக்காத ஊடு எதுக்கு அம்மிணி? வாடகைக்கு உட்டுட்டு எங்ககூட வந்துரு. குடிவர ஆளும் பார்த்துட்டேன். வெள்ளிக்கிழமை ஊடு பார்க்க வர்றாங்க."

அவளுக்கு அந்த வீட்டை விட மனமில்லை. ஆனால் அடுப்பைப் பற்றி அண்ணன் சொன்னது நிஜம். "சரிங்கண்ணா" என்றாள்.

வியாழக்கிழமை கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம். வெளியே போக நேரமில்லாமல் போனிலேயே ஒரு சாப்பாடு ஆர்டர் போட்டாள். எப்போதோ அருள்செல்வன் காய்ச்சலில் படுத்தபோது போட்டுக்கொண்ட ஆப் அது. முகவரியைப் பார்க்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "மேடம், சாப்பாடு கொண்டாந்திருக்கறனுங்க. ஊட்டுக் கதவு பூட்டியிருக்குதுங்களே?"

"ஊடா?" ஆப்பில் இருந்தது வீட்டு முகவரி என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "தப்பா போட்டுட்டனுங்கண்ணா. நீங்களே சாப்பிட்டுக்கோங்க."

"நான் சாப்பிட்டுத்தானுங்க வந்தேன். சோத்தை வாசல்ல வெச்சுட்டுப் போக மனசு வரலீங்க. பக்கத்துல இருந்தா வாங்க, நிக்கறேன்."

இப்படிச் சொல்கிறவரை எப்படி நிற்கவைப்பது? வேலையைப் பக்கத்து சீட்டில் ஒப்படைத்துவிட்டுக் காரை எடுத்தாள். தெரு முனையில் திரும்பும்போது கை தானாக ஹாரனை அழுத்தியது. அழுத்திய பிறகுதான் உறைத்தது. தலைநிமிர்ந்தால், கேட் விரியத் திறந்திருந்தது.

ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஹாரன் கேட்டுது. நீங்களாத்தான் இருக்கும்னு தொறந்துட்டேன்."

அவள் காரை உள்ளே விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, தொறந்தது தப்புங்களா?"

"இல்லீங்கண்ணா. சரியாத்தான் தொறந்தீங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். "வெயில்ல நின்னிருக்கீங்க. தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

அவர் பெயர் கருப்புசாமி. முன்பு டெய்லராக இருந்தவர், இடுப்புவலியால் மிஷினை விட்டவர். தண்ணீர் குடித்துக்கொண்டே அவள் பார்சலைப் பிரிப்பதைப் பார்த்தார். சோறு சூடாக இருந்தது. அப்பளம் மட்டும் நமுத்து, ஈரத்துணிபோல் மடிந்து கிடந்தது.

"எத்தனை வெரட்டி ஓட்டுனாலும் அப்பளத்துக்கிட்ட மட்டும் தோத்துப்போயிர்றமுங்க" என்றார் கருப்புசாமி.

அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"ரெண்டு நிமிஷம் உக்காருங்கண்ணா."

அப்பள டப்பா மேல்தட்டில் இருந்தது. அருள்செல்வன் உயரம், நின்றபடியே எட்டி எடுப்பான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் அப்பளம் கருகியது. அடுத்தது பரவாயில்லை. அதற்கடுத்ததை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். கருப்புசாமி நின்றபடியே நொறுக்கித் தின்றார். அதற்குள் அடுத்த ஆர்டர் வந்து போன் கூவ, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

அவள் மேசையில் உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டாள்.

சாயங்காலம் ரத்தினசாமி போன் செய்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க அம்மிணி."

"வர வேண்டாம்னு சொல்லிருங்கண்ணா. அடுப்புப் பத்தவெச்சுட்டேன்."

"என்ன சமைச்சே?"

"அப்பளம்."

"அப்பளமெல்லாம் ஒரு சமையலா அம்மிணி?"

"இப்பத்தானுங்கண்ணா ஆரம்பம். அடுத்தது ரசம்."

"மாப்பிள்ளை வெக்கற ரசமா? வெச்சா சொல்லு, வர்றேன்."

ரசம் இன்னும் அவன் வைத்ததுபோல் வரவில்லை. பாதி நாள் வீட்டுச் சாப்பாடு, மீதி நாள் பார்சல். கீழ்த்தட்டில் இடம் இருக்கிறது. ஆனாலும் அப்பள டப்பா அவன் வைத்த மேல்தட்டில்தான் இருக்கிறது.