சத்தமில்லாத தோள்

நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்கிவிடும் ரோபோவை அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் உருவாக்கினார்கள். மூட்டுகளுக்கு மோட்டார் தேர்ந்தெடுப்பது அக்கா. பேசி விற்பது தம்பி.

முழங்கை, மணிக்கட்டு வரை சண்டை வரவில்லை. தோளில்தான் வந்தது. மின்சாரம் நின்றால் தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும் பிரேக் வைத்த மோட்டார்தான் வேண்டும் என்றாள் அக்கா. அது தடிமன், பல்சக்கரம் வேறு ஓடும்போதெல்லாம் முனகும். தம்பி பார்த்து வைத்திருந்ததோ ஒல்லி மோட்டார், பூனை நடை. மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்குத் தெம்பு.

"தோள்ல கட்டி வந்த மாதிரி இருக்குக்கா. பாக்குறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். ஆளைக் கீழ போடக் கூடாது."

தம்பி தலையாட்டினான். அவன் தலையாட்டலுக்குச் சம்மதம் என்று பொருளில்லை என்பது தெரிந்தும் அவள் நம்பினாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வந்த அன்று, நோயாளியாகப் படுத்தது, கம்பெனியில் மோட்டார்களை மாட்டும் ஃபிட்டர் அண்ணன். கட்டின பெண்டாட்டிகூடத் தன்னை இப்படித் தாங்கியதில்லை என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ரோபோவின் கைகள் அவரை ஏந்தி உயர்த்தின. அக்கா தோள்பக்கம் காதைக் கொடுத்தாள். முனகலே கேட்கவில்லை. தோளின் உறைக்குள் இருப்பது அவள் சொன்ன மோட்டார் இல்லை.

அந்தச் சிவப்புப் பொத்தான் எதற்கு என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். ஆபத்து என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்றான் தம்பி. அவள் வாயைத் திறப்பதற்குள், "அமுக்கித்தான் பாருங்களேன்" என்றும் சொல்லிவிட்டான்.

மின்சாரம் நின்றது. தோள் துவண்டது. கட்டிலின் இரும்பு விளிம்பில் விழுந்த ஃபிட்டருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

"உங்க தம்பிதான் மாத்தச் சொன்னாரு. நீங்களும் சரின்னுட்டதாச் சொன்னாரு" என்றார் அவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில். "என் கையாலதாம்மா மாட்டினேன்."

மோட்டார் தேர்வு அக்காவின் பொறுப்பு என்று, விபத்தை விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டான் தம்பி. அம்மா அவள் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நீயே ஒத்துக்கிட்டுப் போயிடேன். அவன் பிள்ளைகுட்டிக்காரன். உனக்கென்ன, தனிக்கட்டை."

அக்கா விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மாற்றியது யார் என்று கேட்டபோது தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். கம்பெனியை மூடச் சொல்லிவிட்டார்கள்.

மறுபடியும் ஃபிட்டரைப் பார்க்கப் போனாள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொல்லிட்டீங்க. நல்லதும்மா" என்றார். "இனி எழுந்து நடந்தாலும் போறதுக்கு வேலையில்ல."

வீட்டில் அம்மா அவளுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாள். எடுத்து மூடியும் வைக்கிறாள். சாப்பிட வா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.