ஒரு மணிக்குப் பசிக்கும் வாசகர்கள்

மெத்தைக் கடைக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. குறட்டையைப் பற்றிப் படிக்கிறவர்கள் தூக்கம் கெட்டவர்கள். தூக்கம் கெட்டவர்கள் மெத்தை வாங்குவார்கள். அதனால் குறட்டைக்கென்றே நடக்கும் இணையதளம் ஒன்று விலைக்கு வந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் ஆயிரக்கணக்கானோர் வந்து படிப்பதாக விற்பவர் சத்தியம் செய்து, வருகையைக் காட்டும் வரைபடத்தையும் அனுப்பியிருந்தார்.

முன்பணம் அனுப்புமுன் அந்த வரைபடத்தை அக்காவிடம் காட்டினார். அக்கா ஒரு தொழிற்சாலை வாசலில் இருபத்தாறு வருஷமாக ஆட்கள் வந்துபோகும் நேரத்தைப் பதிகிறவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். கோடு காலை ஒன்பதுக்கு ஏறியது. ஒரு மணிக்குத் தரையைத் தொட்டது. ஒன்றே முக்காலுக்கு மறுபடி ஏறியது. ஆறுக்கு மேல் ஈ காக்கை இல்லை.

"குறட்டை விடுறவன் பக்கத்துல படுத்தவ ராத்திரியிலதானடா படிப்பா. இவங்க சாப்பாட்டுக்குப் போறாங்க. இது வாசகர் இல்ல, ஷிஃப்ட்டு."

தம்பி நம்பவில்லை. படத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், அந்த ஆளின் கம்ப்யூட்டரிலேயே நேரில் பார்க்காமல் பைசா போகக்கூடாது என்றார் அக்கா. விற்பவர் சாக்குச் சொல்வார் என்று நினைத்தார்கள். அவரோ தாராளமாக வாருங்கள் என்றுவிட்டார்.

மாடியில் சின்ன அறை. விற்பவர் நாற்காலி போட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்த நிமிஷம் தளத்தில் முப்பத்தெட்டுப் பேர். தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றானது. எண்ணிக்கை மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. பலகைத் தடுப்புக்கு அப்பால் நாற்காலிகள் உராய்ந்தன. முப்பத்தெட்டுப் பேர் டிபன் பாக்ஸோடு வரிசையாகக் கை கழுவப் போனார்கள்.

விற்பவர் முகம் மாறவே இல்லை. ஊரெல்லாம் மிஷினை வைத்து ஏமாற்றுகிறது, நான் மனுஷரை வைத்துப் படிக்கவைக்கிறேன், ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு தடவை, தளத்தோடு இவர்களையும் சேர்த்தே தருகிறேன் என்றார்.

கை துடைத்தபடி வந்த ஓர் அம்மாள் தம்பியின் முன் நின்றார்.

"புது முதலாளி நீங்களா? ஏழாம் பக்கத்துல இடது பக்கமா படுங்கன்னு இருக்கு, பத்தொம்பதுல வலது பக்கம்ங்குது. ரெண்டு வருஷமா சொல்றோம், யாரும் திருத்தல."

தம்பிக்கு மனசு இளகிவிட்டது. இவ்வளவு கருத்தாகப் படிக்கிறவர்கள் வேறெங்கே கிடைப்பார்கள் என்று இழுத்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கினார்.

"அவங்க மெத்தை வாங்குறவங்க இல்லடா. சம்பளம் வாங்குறவங்க."



இரண்டு மாதம் கழித்துத் தம்பி அந்த அம்மாளைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தார். வரைபடத்தை மட்டும் பார்த்து யாரோ தளத்தை வாங்கிவிட்டார்களாம். ஆட்களைப் பழைய முதலாளியே வைத்துக்கொண்டு, முடி கொட்டுவதைப் பற்றிப் புதிதாகத் தொடங்கிய தளத்தில் உட்காரவைத்திருக்கிறாராம். வேலை எப்படி என்று விசாரித்தார்.

"பரவால்லீங்க," என்றார் அம்மாள். "ஆனா குறட்டை மாதிரி வராது. அதுல ஒரு விஷயம் இருந்துச்சு."